பழைய கார் எஞ்சினுக்கு வெப்பமானி பொருத்துதல்

எமது கிராமங்களில் ஒரு பழைய கார் ஆடம்பரப் பொருள் அன்று. அது ஒரு குடும்பத்தின் தொழில் முதல். விடியற்காலையில் கத்தரிக்காய் மூட்டைகளைச் சந்தைக்கு ஏற்றுவதும், நடு இரவில் பிரசவ வலி கண்ட தாயை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு செல்வதும், இடம்பெயர வேண்டி வந்தபோது பெட்டி, படுக்கை, விதைநெல், கிழவர், குழந்தைகள் என எல்லாவற்றையும் சுமந்து சென்றதும் அதே கார்தான். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்தை விட்டு மக்கள் வெளியேறிய வேளையில் மாட்டுவண்டி, சைக்கிள், உழவு இயந்திரம் ஆகியவற்றோடு இப்பழைய கார்களும் பாதையில் நின்றதை எம்மவர் மறந்திருக்கமாட்டார்கள்.

இக்கார்களுள் பலவற்றில் ஒரு குறை உண்டு. எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைச் சாரதிக்குக் காட்டும் வெப்பமானி அவற்றில் இல்லை. உதாரணமாக மொறிஸ் மைனர் காரை எடுத்துக்கொள்வோம். அலெக் இஸிகோனிஸ் என்பவர் வடிவமைத்த இக்கார் இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் டாஷ்போட்டில் வேகமானி, பெற்றோல் அளவுமானி, எண்ணெய் அழுத்தத்துக்கும் பற்றரி ஏற்றத்துக்கும் உரிய எச்சரிக்கை விளக்குகள் என்பவற்றைக் காணலாம். வெப்பமானியைக் காண முடியாது. பொனற்றிலிருந்து ஆவி கிளம்பும்போதுதான் எஞ்சின் கொதித்துவிட்டது எனச் சாரதி அறிகிறார். அப்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது.

இக்குறையைச் சிறிய செலவில், அரைநாள் வேலையில் நீக்கலாம். அதற்கான முறையை இப்பாடத்தில் படிப்படியாகப் பார்ப்போம். மொறிஸ் மைனரை வைத்தே விளக்குகிறோம். ஏனைய பழைய கார்களுக்கும் இதே கோட்பாடுதான். துளையின் இடமும் அளவும் மாத்திரம் வேறுபடும்.

1. எஞ்சின் கொதித்தால் நடப்பது என்ன?

எஞ்சினுக்குள் எரியும் எரிபொருளின் வெப்பத்தில் ஒரு பகுதியே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. எஞ்சிய வெப்பத்தில் பெரும் பங்கை எக்சோஸ் புகையும், சிலிண்டர்களைச் சுற்றி ஓடும் தண்ணீரும் வெளியே கொண்டுபோகின்றன. தண்ணீர் எஞ்சினில் சூடேறி, மேல் றப்பர் குழாய் வழியாக றேடியேற்றருக்குச் சென்று, அங்கே காற்றுப்பட்டு ஆறி, கீழ்க் குழாய் வழியாகத் திரும்பி வருகிறது.

இந்த ஓட்டத்தில் ஏதேனும் தடை ஏற்பட்டால், அல்லது தண்ணீர் குறைந்தால், சிலிண்டர்களின் மேலே பூட்டப்பட்டிருக்கும் ஹெட் அளவுக்கு மீறிச் சூடாகிறது. சூடான இரும்பு விரிவடையும். எல்லா இடமும் ஒரே அளவில் விரிவடையாததால் ஹெட் வளையும். ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையே உள்ள காஸ்கற் எரிந்து போகும். அதன் பின்னர் தண்ணீர் எண்ணெயோடு கலக்கும். அல்லது சிலிண்டருக்குள் இறங்கும். சில வேளைகளில் ஹெட்டே வெடித்துவிடும். ஹெட்டைக் கழற்றி லேத்தில் சமப்படுத்தி, புதிய காஸ்கற் போட்டு, மீண்டும் பூட்டும் செலவோடு ஒப்பிட்டால் ஒரு வெப்பமானியின் விலை மிகச் சிறியது. கார் ஓடாத நாட்களில் இழக்கும் வருமானத்தையும் இதனோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

2. சூடு குறைந்தாலும் கேடுதான்

எஞ்சின் எவ்வளவுக்குக் குளிர்ந்து இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது என்று எம்மிடையே பலர் எண்ணுகின்றனர். இது தவறு. இதனை விளங்கிக்கொள்ள எமது சொந்த அனுபவமே போதும்.

1990ஆம் ஆண்டின் பின்னர் பெற்றோல் தடைசெய்யப்பட்டபோது யாழ்ப்பாணத்துக் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் எஞ்சினைத் தொடக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஏன் அப்படிச் செய்தார்கள்? மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. எஞ்சின் சூடாக இருந்தால்தான் அது ஆவியாகி எரியும். எஞ்சின் குளிர்ந்திருந்தால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து கீழே எண்ணெயுடன் கலந்து, எண்ணெயைத் தண்ணீர் போல் ஆக்கிவிடும். பேரிங்குகள் தேய்வதற்கு இதுவே வழி. மறுபக்கம், எஞ்சின் கூடுதலாகச் சூடானால் மண்ணெண்ணெய் தன்பாட்டில் வெடித்து எரிந்து, 'டக் டக்' என்ற இடிச்சத்தம் எழும். பிஸ்ரனுக்கு அது கேடு.

இங்கிலாந்து விவசாயிகளும் இதே பாடத்தைக் கற்றவர்களே. 1949ஆம் ஆண்டு வெளிவந்த பேர்கசன் ரி.ஈ.டி.20 உழவு இயந்திரம் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடியது. அதையும் பெற்றோலில் தொடக்கி, தண்ணீர் நன்கு சூடேறிய பின்னரே மற்ற எரிபொருளுக்கு மாற்ற வேண்டும். அவ்வகை உழவு இயந்திரங்கள் பலவற்றில், சூடு இறங்காமல் இருக்க றேடியேற்றருக்கு முன்னால் ஒரு திரையை இழுத்து மூடும் வழக்கமும் இருந்தது.

2002ஆம் ஆண்டு ஏ-9 பாதை திறக்கப்பட்டதன் பின்னர் எமது பகுதிகளுக்குப் பெற்றோல் வரத் தொடங்கிவிட்டது. ஆயினும் பாடம் மாறவில்லை. பெற்றோலில் ஓடும் எஞ்சினுக்கும் ஓர் உகந்த சூடு உண்டு. அதற்குக் கீழே எரிபொருள் வீணாகும், எண்ணெய் கெடும். அதற்கு மேலே காஸ்கற் எரியும். இந்த உகந்த சூட்டில் எஞ்சினை வைத்திருக்கவே தண்ணீர்ப் பாதையில் தெர்மோஸ்ரற் என்னும் சிறு கதவு வைக்கப்பட்டுள்ளது. அது 74, 82, 88 பாகை செல்சியஸ் என மூன்று அளவுகளில் கிடைக்கிறது. வெப்ப நாடுகளுக்கு 74 அல்லது 82 பாகையில் திறப்பது ஏற்றது. "கார் கொதிக்கிறது" என்று தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறியும் வழக்கம் எம்மிடையே உண்டு. கொதிப்பதற்கான காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கவும் வெப்பமானி உதவும்.

3. இருவகை வெப்பமானிகள்

ஒவ்வொரு வெப்பமானிக்கும் இரு பகுதிகள் உண்டு. ஒன்று டாஷ்போட்டில் இருக்கும் முள்ளுள்ள மானி. மற்றது எஞ்சினின் தண்ணீரில் அமிழ்ந்திருக்கும் உணரி. இதனைக் கராஜ்களில் 'சென்சர்' என்பார்கள்.

(அ) மென்குழாய் வகை: இதில் உணரியானது ஒரு பித்தளைக் குமிழ். அதிலிருந்து மெல்லிய செப்புக் குழாய் ஒன்று மானி வரை செல்கிறது. குமிழுக்குள் ஈதர் போன்ற, இலகுவில் ஆவியாகும் திரவம் அடைக்கப்பட்டுள்ளது. தண்ணீர் சூடேறும்போது திரவம் ஆவியாகி, அதன் அழுத்தம் குழாய் வழியாகச் சென்று மானிக்குள் இருக்கும் வளைந்த குழாயை விரியச் செய்கிறது, முள் நகர்கிறது. இதற்குப் பற்றரி தேவையில்லை. ஆனால் குழாயும் குமிழும் மானியும் ஒரே உடல். குழாயை வெட்டினாலோ முறித்தாலோ மானி செத்துவிடும். நீளம் கூடியது என்று எக்காரணம் கொண்டும் வெட்டக் கூடாது.

(ஆ) மின்வகை: இதில் உணரிக்குள் ஒரு சிறு வில்லை உண்டு. சூடேறும்போது அது மின்னை இலகுவாகச் செல்ல விடுகிறது, குளிரும்போது தடுக்கிறது. உணரியிலிருந்து மானிக்கு ஒரேயொரு வயர் செல்லும். உணரியின் உடலே எஞ்சின் வழியாக ஏர்த் ஆகிறது. பொருத்துவது சுலபம்; வயர் அறுந்தால் திருத்தலாம். ஆனால் மானியும் உணரியும் ஒன்றுக்கொன்று பொருந்திய சோடியாக இருக்க வேண்டும். புரி ஒன்றாக இருப்பதால் மாத்திரம் உணரி பொருந்திவிடாது. வேறு மானிக்குரிய உணரி பொய் சொல்லும்.

பற்றரியும் வயர்களும் பழுதாகிய பழைய காருக்கு மென்குழாய் வகையே எமக்கு ஏற்றதாகத் தோன்றுகிறது. வயர் வேலைகள் ஒழுங்காக இருக்கும் காருக்கு எதுவும் பொருந்தும்.

4. பூட்டுமுன் கேத்திலில் சோதியுங்கள்

கடையில் வாங்கியதாயினும், பழைய இரும்புக் கடையில் எடுத்ததாயினும், வெப்பமானியைக் காரில் பூட்டுமுன் வீட்டு அடுப்பில் சோதித்தல் வேண்டும். எமது கரையோர நிலங்களில் தண்ணீர் 100 பாகை செல்சியசில், அதாவது 212 பாகை பரனைற்றில் கொதிக்கும். இதைவிட நம்பகமான அளவுகோல் ஒன்றை நாம் காசு கொடுத்தும் வாங்க முடியாது.

மென்குழாய் வகையாயின் குமிழைக் கொதிக்கும் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் அமிழ்த்திப் பிடியுங்கள். குழாய் அடுப்பு நெருப்பில் படக்கூடாது. உள்ளே இருப்பது தீப்பற்றும் திரவம் என்பதை மறவாதீர்கள். மின்வகையாயின் மானியை 12 வோல்ற் பற்றரியுடன் இணைத்து, உணரியின் உடலைப் பற்றரியின் ஏர்த் முனையுடன் ஒரு வயரால் தொடுத்து, உணரியின் அடிப்பகுதியை மட்டும் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும்.

முள் 100இல் நின்றால் நன்று. 95இல் நின்றால் எறிந்துவிட வேண்டாம். "இந்த மானி 5 பாகை குறைத்துக் காட்டுகிறது" என்று ஒரு சிறு தாளில் எழுதி டாஷ்போட்டில் ஒட்டுங்கள். முள் அசையவே இல்லை எனில், அல்லது 20, 30 பாகை பிழை காட்டினால், அதைப் பூட்டுவதில் பயனில்லை.

பழைய மானிகள் பல பரனைற்றில் இருக்கும். அவற்றை வாசிக்கச் சில எண்களை நினைவில் வைத்தால் போதும்: 165 என்பது 74 செல்சியஸ்; 180 என்பது 82; 190 என்பது 88; 212 என்பது 100.

5. உணரிக்கு உரிய இடம்

இப்பாடத்தின் முக்கியமான பகுதி இதுவே. உணரி எங்கே இருக்கிறதோ அந்த இடத்துச் சூட்டைத்தான் முள் காட்டும். ஆகவே எஞ்சினை விட்டுத் தண்ணீர் வெளியேறும் இடத்தில், தெர்மோஸ்ரற்றுக்கு முன்பாக, உணரி இருக்க வேண்டும்.

மொறிஸ் மைனரில் 1952ஆம் ஆண்டு தொடக்கம் பூட்டப்பட்டது ஏ-வரிசை எஞ்சின். முதலில் அது 803 கன சென்ரிமீற்றர் அளவில் வந்தது. 1956இல் 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் பெருத்தது. ஹெட்டின் முன்பக்கத்தில், தெர்மோஸ்ரற் மூடிக்குச் சற்றுக் கீழே, பல ஹெட்டுகளில் ஓர் அடைப்புத் திருகு இருப்பதைக் காணலாம். அது வெப்பமானிக்கென்றே விடப்பட்ட துளை. அதன் புரி ஐந்தெட்டில் ஓர் அங்குலம், அதாவது 5/8 அங்குல யூ.என்.எப். வகை. இதுவே மிகச் சிறந்த இடம்.

சில முந்திய ஹெட்டுகளில் இத்துளை இராது. அப்போது மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, தெர்மோஸ்ரற் மூடிக்கும் ஹெட்டுக்கும் இடையே வைக்கும் துளையுள்ள இடைத்தகடு. மேலும் கீழும் புதிய காஸ்கற் போட்டுப் பூட்டலாம்.

இரண்டாவது, மேல் றப்பர் குழாயை இடையில் வெட்டி, அதில் துளையுள்ள சிறு உலோகக் குழாய் ஒன்றை இரண்டு கிளிப்புகளால் இணைத்தல். இது சுலபமான வழி. ஆனால் ஒரு குறை உண்டு. தெர்மோஸ்ரற் திறவாமல் இறுகிவிட்டால் சூடான தண்ணீர் இந்தக் குழாய்க்கு வரவே வராது. எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போது முள் குளிர் காட்டும். அத்துடன் மின்வகை உணரியாயின் இருபுறமும் றப்பர் இருப்பதால் அதற்கு ஏர்த் கிடைக்காது. உலோகக் குழாயிலிருந்து எஞ்சினுக்கு ஒரு தனி வயர் கட்ட வேண்டும்.

மூன்றாவது, றேடியேற்றரின் மேல் தொட்டியில் பித்தளைப் புரி ஒன்றை ஈயத்தால் பற்றவைத்தல். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இது அமைய வேண்டும். 1948 தொடக்கம் வந்த 918 கன சென்ரிமீற்றர் பழைய எஞ்சினில் சூடான தண்ணீர் தானாகவே மேலெழும் முறையில் ஓட்டம் நடைபெறுவதால், அதற்கு இந்த வழி பொருந்தும்.

ஹெட்டில் புதிதாகத் துளை இடுவதாயின் ஹெட்டைக் கழற்றி லேத் கடையில் கொடுத்தே செய்விக்க வேண்டும். காரில் வைத்துத் துளைத்தால் இரும்புத் துகள் தண்ணீர்ப் பாதைக்குள் விழும். கீழ் றப்பர் குழாயில் உணரியைப் பூட்டவே கூடாது. அங்கே ஓடுவது ஆறிய தண்ணீர்.

6. பொருத்தும் முறை

(1) எஞ்சின் முற்றாக ஆறும்வரை காத்திருங்கள். பற்றரியின் ஏர்த் வயரைக் கழற்றிவிடுங்கள்.

(2) றேடியேற்றரின் அடியில் உள்ள திருகைத் திறந்து, ஏறக்குறைய இரண்டு லீற்றர் தண்ணீரைச் சுத்தமான வாளியில் இறக்குங்கள். ஹெட்டின் மட்டத்துக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் போதும்.

(3) அடைப்புத் திருகைக் கழற்றுங்கள். பல ஆண்டுகளாக அசையாத திருகு இலகுவில் வராது. முதல் நாள் மாலையே துருநீக்கி எண்ணெய் விட்டு வைத்து, மறுநாள் சுத்தியலால் மெதுவாகத் தட்டி, சரியான அளவு ஸ்பனர் போட்டுத் திருப்புங்கள். நீண்ட இரும்புக் குழாயைக் கோத்து முழுப் பலத்தையும் பிரயோகித்தால் திருகின் தலை உருண்டுவிடும்.

(4) துளையின் புரியில் உள்ள துருவையும் சுண்ணாம்புப் படிவையும் துணியால் துடையுங்கள். குமிழ் உள்ளே சுதந்திரமாக இறங்கி, பின்சுவரில் முட்டாமல் நிற்கிறதா எனக் கையால் வைத்துப் பாருங்கள்.

(5) உணரியைக் கையால் புரியில் பிடிக்கச் செய்து, பின் ஸ்பனரால் இறுக்குங்கள். மென்குழாய் வகையில் குழாயின் மேல் ஓடும் நற்றை மட்டுமே திருப்ப வேண்டும். குழாய் முறுகக் கூடாது. கூம்பு வடிவ அடியுள்ள உணரி தானே நீரை அடைத்துக்கொள்ளும். மின்வகை உணரியின் புரியில் வெள்ளை நாடாவைத் தாராளமாகச் சுற்றினால் ஏர்த் தடைப்பட்டு முள் குறைத்துக் காட்டும். பித்தளைப் புரி மென்மையானது என்பதால் அளவோடு இறுக்குங்கள்.

(6) மென்குழாயை டாஷ்போட் வரை கொண்டு செல்லும்போது மூன்று விடயங்களைக் கவனியுங்கள். ஏ-வரிசை எஞ்சினில் எக்சோஸ் இடது பக்கத்தில் இருப்பதால் குழாயை வலது பக்கமாகக் கொண்டு செல்லுங்கள். பெல்ற்றுக்கும் காற்றாடிக்கும் எட்டாத தூரத்தில் கட்டுங்கள். எஞ்சின் அதிரும், காரின் உடல் அதிராது. ஆகவே இரண்டுக்கும் இடையே, கைப்பிடியளவு வட்டத்தில் இரண்டு மூன்று சுருள் விட்டுவையுங்கள். மிஞ்சிய நீளத்தையும் அவ்வாறே சுருட்டுங்கள். தகட்டுச் சுவரைக் கடக்கும் துளையில் றப்பர் வளையம் போடுவது அவசியம்.

(7) இறக்கிய தண்ணீரை மீண்டும் விடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழிகள் வெளியேறிய பின் மட்டத்தைப் பார்த்து நிரப்பி மூடியைப் போடுங்கள். உணரியைச் சுற்றிக் கசிவு உண்டா என விரலால் தொட்டுப் பாருங்கள்.

7. மின்வகைக்கு ஒரு விசேட எச்சரிக்கை

மொறிஸ் மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பற்றரியின் நேர் முனையே காரின் உடலுடன் தொடுக்கப்பட்டிருந்தது. இக்காலக் கார்களில் மறை முனைதான் உடலுடன் தொடுக்கப்படுகிறது. இக்காலத்து மின்னணு மானியை அப்படியே பழைய காரில் இணைத்தால் அது எரிந்து போகலாம். டைனமோவைக் கழற்றி ஒல்ரனேற்றர் பூட்டிய கார்களில் பெரும்பாலும் முனைகளும் மாற்றப்பட்டிருக்கும். ஆகவே எவர் சொன்னதையும் நம்பாமல், பற்றரியின் எந்த முனை உடலுக்குச் செல்கிறது என்பதை உங்கள் கண்ணால் பார்த்த பின்னரே மானியை வாங்குங்கள்.

மானிக்கான மின்னைத் திறப்புப் போட்டால் மட்டும் வரும் வயரிலிருந்து எடுக்க வேண்டும். இக்கார்களின் பியூஸ் பெட்டியில் ஏ4 என்று பொறித்த முனையும் அதிலிருந்து செல்லும் பச்சை வயர்களும் இவ்வகையின. மானி சரியாக இணைக்கப்பட்டதா என அறிய, உணரியிலிருந்து வயரைக் கழற்றுங்கள். முள் குளிர்ப் பக்கம் நிற்க வேண்டும். அவ்வயரை ஒரு கணம் எஞ்சின் இரும்பில் தொடுங்கள். முள் சூட்டுப் பக்கம் ஏற வேண்டும். இரண்டும் நடந்தால் மானியும் வயரும் நல்லவை. பிழை உணரியிலேயே இருக்கிறது.

8. முள்ளை வாசிக்கக் கற்றல்

வெப்பமானி எஞ்சினைக் குளிர்விக்காது. அது செய்தி சொல்லும். செயற்பட வேண்டியவர் சாரதி. எனவே பூட்டிய முதல் வாரத்தில் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்: காலையில் தொடங்கி எத்தனை நிமிடத்தில் முள் நிலைக்கு வருகிறது? வெறுமையாக ஓடும்போது எங்கே நிற்கிறது? மூட்டை ஏற்றி, நண்பகல் வெயிலில் ஓடும்போது எங்கே நிற்கிறது? நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் முள் தெர்மோஸ்ரற் திறக்கும் அளவை ஒட்டி, ஏறக்குறைய 75இலிருந்து 90 பாகைக்குள் நிற்கும். உங்கள் காரின் வழமை எது என்று தெரிந்தால்தான் வழமைக்கு மாறானது எது என்பது தெரியும்.

முள் வழமையை விட நாளுக்கு நாள் சிறிது சிறிதாக ஏறினால் றேடியேற்றர் அடைபடுகிறது என்று கொள்ளலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லில் ஊறியது. கேத்திலின் அடியில் படிவது போலவே எஞ்சினுக்குள்ளும் சுண்ணாம்பு படியும். றேடியேற்றருக்கு மழைநீரைச் சேமித்து விடுவது எவரும் செலவின்றிச் செய்யக்கூடிய காரியம். முள் திடீரென ஏறினால் பெல்ற் அறுந்திருக்கலாம், குழாய் வெடித்திருக்கலாம்.

சாதாரண அழுத்தத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். றேடியேற்றர் மூடியில் 7 என்று பொறித்திருந்தால் அது 7 இறாத்தல் அழுத்தம் வரை தாங்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 111 பாகை வரை கொதியாது. மூடியின் றப்பர் பழுதானால் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே முள் 100ஐ நெருங்கினாலே நிறுத்துங்கள். நிழலில் நிறுத்தி, ஆவி இல்லையெனில் ஓரிரு நிமிடம் சுமையின்றி ஓடவிட்டு, முள் இறங்காவிடின் எஞ்சினை அணையுங்கள். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூடான மூடியைத் திறக்கவே கூடாது. பாயும் கொதிநீர் முகத்தையும் கண்ணையும் சுட்டுவிடும். ஆறிய பின் தடித்த துணியால் பிடித்து, மெதுவாக முதல் படி வரை திருப்பி ஆவியை வெளியேற்றிய பின்னரே கழற்ற வேண்டும். கொதிக்கும் எஞ்சினுக்குள் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும்.

9. முள் இறங்கினால் மகிழ வேண்டாம்

எல்லாவற்றிலும் மேலாக நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றுண்டு. உணரி தண்ணீரில் அமிழ்ந்திருக்கும்வரைதான் உண்மை சொல்லும். குழாய் வெடித்துத் தண்ணீர் முழுவதும் போய்விட்டால் உணரி வெறும் காற்றில் நிற்கும். இரும்பு எரிந்துகொண்டிருக்கும், முள்ளோ மெல்ல இறங்கத் தொடங்கலாம். "அப்பாடா, ஆறிவிட்டது" என்று எண்ணித் தொடர்ந்து ஓட்டுபவர் அடுத்த சில கிலோமீற்றரில் எஞ்சினை இழந்துவிடுவார். ஏறிய முள், நீங்கள் எதுவும் செய்யாமலேயே திடீரென இறங்கினால், அது நல்ல செய்தி அன்று. உடனே நிறுத்த வேண்டிய அறிகுறி.

ஆகவே வெப்பமானி பூட்டிய பின்னரும் ஒவ்வொரு நாள் காலையிலும், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, றேடியேற்றர் மூடியைத் திறந்து தண்ணீரைப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். கண் பார்த்த தண்ணீரையே முதலில் நம்புங்கள். அதன் பின்னர் முள்ளை நம்புங்கள்.

10. ஏனைய இயந்திரங்கள்

மசி பேர்கசன் 35, 135 போன்ற பழைய உழவு இயந்திரங்களில் மென்குழாய் வகை வெப்பமானி உண்டு. பல இடங்களில் அதன் குழாய் அறுந்து, முள் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பதைக் காண்கிறோம். மேலே கூறிய முறைப்படி புதியதைப் பூட்டலாம். வயல் உழவில் சுமை அதிகம், வேகம் குறைவு, றேடியேற்றரின் கண்களை வைக்கோலும் தூசியும் அடைத்துவிடும். ஆகவே காரை விட உழவு இயந்திரத்துக்கே வெப்பமானி கூடுதல் அவசியமாகும். திறந்த தொட்டியில் தண்ணீர் கொதித்து ஆறும் சிறிய டீசல் எஞ்சின்களுக்கு மானி தேவையில்லை. தொட்டியில் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. உங்கள் கிராமத்தில் கடந்த ஆண்டில் எத்தனை எஞ்சின்கள் கொதித்துப் பழுதாகின? ஒவ்வொன்றின் திருத்தச் செலவும், ஓடாத நாட்களும் எத்தனை?

2. அவற்றில் எத்தனை, முன்கூட்டியே அறிந்திருந்தால் தடுக்கக்கூடியவையாக இருந்தன?

3. மழைநீரைச் சேமித்து வாகனங்களுக்கும் உழவு இயந்திரங்களுக்கும் பயன்படுத்த உங்கள் சங்கம் ஓர் ஒழுங்கைச் செய்ய முடியுமா?

4. ஸ்பனர், துருநீக்கி எண்ணெய், மின் சோதனை விளக்கு ஆகியவற்றைப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து பொதுவில் வாங்கி வைத்தால், இத்தகைய வேலைகளை இளைஞர்கள் தாமே செய்யப் பழகமாட்டார்களா?